கறுப்பு டேப் ஒட்டிய கேமராவும் மச்சான் போட்ட கையெழுத்தும்

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. பெயர், ஊர், கேமரா கம்பெனியின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 27. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுத்துப் பிழைக்கிறார். அக்கா வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். பூநாரை வரும் பருவத்தில், இன்னும் கடைக்கு வராத ஒரு கேமராவைச் சோதிக்க வந்த நான்கு பேர் கொண்ட குழு ஒன்று, சென்னை மேனேஜர் ஒருவர் மூலமாக மச்சானின் வேனை ஐந்து நாளைக்கு எடுத்தது. முதல் நாளே ஹோட்டல் வாசலில் வைத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத் தாளில் மச்சானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நகல் தரவில்லை. வண்டி வாடகைக்கான தாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குழுவின் கையிலிருந்த கேமராவில் பெயர் வரும் இடம், மாடல் எண் வரும் இடம், மேல் பக்க டயல்களில் பாதி என்று எல்லாவற்றையும் கறுப்புத் துணி டேப்பால் மூடியிருந்தார்கள். வேனில் ஒரு தெர்மாகோல் பெட்டி. காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போய் ஐஸ் வாங்கி அதில் நிரப்பி வைப்பதும் மச்சானின் வேலை. வெயில் ஏறியதும் ஐஸ் மேல் துண்டை விரித்து, பாலித்தீன் பையில் சுற்றிய கேமராவை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்களாம்.

இரண்டாம் நாள் ராத்திரி மச்சான் போன் செய்து, "காலைல அரிச்சல்முனைப் பக்கம் வா, ஒரு புது ஐட்டம் காட்டுறேன்" என்றிருக்கிறார். தனுஷ்கோடிச் சாலை முடியும் அந்த முனைக்கு நம் வாசகர் போனார். சாலையோரம் நின்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் தன்னுடைய 70-200 லென்ஸில் சில படங்கள் எடுத்தார். குழுவில் ஒருவர் ஓடிவந்து அழிக்கச் சொன்னார். இரண்டை அழித்துக் காட்டிவிட்டு மீதியோடு வந்துவிட்டார். கடைசி நாள் வேனைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் மச்சானுக்கு ஒரு மெமரி கார்டு கிடைத்தது. அதை நம் வாசகர் தன் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருந்ததை நகலெடுத்தும் வைத்திருக்கிறார். கேமரா பதிவு செய்த மூலக் கோப்புகளான ரா ஃபைல்கள் எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை, ஜேபெக் படங்கள் திறந்தன.

பிறகு, தான் எடுத்த ஒரு படத்தை போட்டோகிராஃபர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதைப் பார்த்து, வெளிவராத கேமராக்களைப் பற்றித் துப்புச் சேகரித்து எழுதும் ஒருவர் அழைத்தார். படம் மட்டும் என்றால் 5,000 ரூபாய். கார்டில் இருப்பதும் டிரைவர் பேசிய ஆடியோவும் சேர்ந்தால் 40,000. அதே வாரம் சென்னை மேனேஜர் மச்சானுக்குப் போன் செய்து, "பேப்பர்ல போட்டிருக்கிற 10 லட்சத்தைக் கட்டணும், இல்லன்னா போலீஸ்" என்று மிரட்டியிருக்கிறார்.

"பொது இடத்தில் நின்று எடுத்த படம் என்னுடையதுதானே? விற்கலாமா? அவர்களே கேமராவை வெளியில் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள், அப்புறம் என்ன ரகசியம்? கம்பெனியிடமே போய், வெளியிடாமல் இருக்க என்ன தருவீர்கள் என்று கேட்டால் தப்பா? கையெழுத்துப் போட்டது மச்சான், எனக்கென்ன?" இவை அவருடைய கேள்விகள். கரைவலை இழுத்த தன் சித்தப்பாவையும் அந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

தம்பி, சட்டத்துக்குப் போகும் முன் அந்த ஆள் சொன்ன விலையைப் பாருங்கள். நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த படத்துக்கு அவர் வைத்திருக்கும் மதிப்பு 5,000. மீதி 35,000 மச்சானின் வாய்க்கும், மச்சான் வண்டியில் கிடந்த கார்டுக்கும். அதாவது அவர் வாங்க வருவது உங்கள் படத்தை என்பதைவிட மச்சான் மீறப்போகும் வாக்கை. பணம் உங்கள் கைக்கு வரும், வழக்கு அவர் தலைக்குப் போகும். கடிதம் முழுக்க இந்தச் சமாச்சாரங்களை நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். அவிழ்த்துத் தனித்தனியாக வைத்தால்தான் எது உங்களுடையது என்று தெரியும்.

நீங்கள் எடுத்த படம்

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். யாரும் உங்களைக் கூலிக்கு அமர்த்தி அந்தப் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. ஆகவே உரிமை உங்களுடையது. படத்தில் இருக்கும் கேமரா யாருடையது என்பது அதை மாற்றாது. பொதுச் சாலையில் நின்றபடி கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைப் படம் எடுக்கக்கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அழிக்கச் சொன்னவருக்குக் கேட்டுக்கொள்ளும் உரிமை உண்டு, கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. உங்கள் கேமராவையோ போனையோ பிடுங்கியிருந்தால் குற்றம் அவர் பக்கம் போயிருக்கும்.

இந்தக் கடற்கரைக்கென்று இரண்டு எச்சரிக்கை. தனுஷ்கோடிப் பகுதி 2025 ஜூனில் பூநாரைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பொதுச் சாலையில் போவதில் பிரச்சினை இல்லை, சரணாலய எல்லைக்குள் இறங்கிப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். உங்கள் படங்களில் எதுவாவது உள்ளே இறங்கி எடுத்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அதே நாட்களில் மண்டபம், உச்சிப்புளி பக்கமும் அவர்கள் பின்னால் போய்ப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம். அவற்றின் சுவரோ கோபுரமோ பின்னணியில் விழுந்த படம் இருந்தால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் அளவுக்கு எந்தக் கேமராவும் பெரிய விஷயமில்லை.

இதுவரை உங்களுக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். இப்போது சிக்கல். அதிகாலையில் அரிச்சல்முனையில் 70-200 லென்ஸோடு நீங்கள் எப்படி இருந்தீர்கள்? சூரிய உதயம் எடுக்கப் போனேன் என்று சொல்ல முடியாது. முந்தின ராத்திரி வந்த அந்த ஒரு போன், மச்சானின் அழைப்புப் பட்டியலிலும் இருக்கிறது, உங்கள் போனிலும் இருக்கிறது. குழு எங்கே போகிறது, என்ன செய்கிறது என்பதையும் வெளியில் சொல்லக்கூடாது என்று அந்தத் தாளில் இருந்தால், அந்த அழைப்பே ஒப்பந்த மீறல். தகவல் எப்படி வந்தது என்று தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டவர் என்ற வகையில் உங்களையும் இழுக்கப் பார்ப்பார்கள். தற்செயலாக அந்த வழியே போன ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் படம் உங்களுடையது என்பது நிச்சயம். அதை இன்று விற்பது புத்திசாலித்தனமா என்பது, நாம் இன்னும் பார்க்காத அந்த இரண்டு பக்கத் தாளைப் பொறுத்தது.

மச்சானின் கையெழுத்து

ஆங்கிலம் தெரியாமல் போட்ட கையெழுத்து செல்லாது என்று நினைக்கிறீர்கள். நம் ஊரில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கையெழுத்துப் போட்டவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டார் என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். தவறாகச் சொல்லி ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று காட்டினால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். காட்ட வேண்டிய பொறுப்பு மச்சானுடையது. "வாடகை பேப்பர்ணே, போடுங்க" என்று மேனேஜர் வாய்விட்டுச் சொன்னாரா, அல்லது மச்சானாகவே அப்படி எடுத்துக்கொண்டாரா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று மறக்கும் முன் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

10 லட்சத்தைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். அந்தத் தொகை தாளில் அச்சாகியே இருந்தாலும் அப்படியே கட்ட வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஓர் உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று தீர்மானிப்பது நீதிமன்றம். மேனேஜர் போனில் சொல்வதால் யாரும் கடனாளி ஆகிவிட மாட்டார். ஒப்பந்தத்தை மீறியது மட்டும்தான் புகார் என்றால் அது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது.

ஆனால் அலட்சியமும் வேண்டாம். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் இல்லை என்பதால் பாதுகாப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. நம்பிச் சொன்னதை, நம்பிக் காட்டியதை வெளியில் விடக்கூடாது என்ற அடிப்படையில் நீதிமன்றங்கள் தடையாணை தருகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர் மீதும், அது நம்பிச் சொல்லப்பட்டது என்று தெரிந்தே வாங்கியிருந்தால், தடையாணை கேட்கலாம். "கையெழுத்துப் போட்டது மச்சான், எனக்கென்ன" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

அவர்களே வெளியில் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள் என்ற வாதத்திலும் பாதிதான் உண்மை. வெளித்தோற்றத்தைச் சாலையில் போகிறவர் யாரும் பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம். வேனுக்குள் பேசியது, திரையில் தெரிந்த மெனு, எத்தனை நிமிடத்தில் சூடானது என்பதெல்லாம் சாலையில் போகிறவருக்குத் தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும். இன்னொன்று, வெளியிடத்தில் சோதித்துப் பார்த்தால் உரிமை போய்விடும் என்று சட்டமே சொல்லவில்லை. நியாயமான சோதனைக்காக, தேவைப்பட்டதால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் பொது இடத்தில் இயக்கிப் பார்த்ததால் மட்டும் ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமையை இழக்காது என்று 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. உப்புக் காற்றும் வெயிலும் மணலும் ஒரே இடத்தில் கிடைக்கும் தனுஷ்கோடியைவிட்டு வேறு எங்கே போய்ச் சோதிப்பார்கள்?

கார்டுதான் பெரிய ஆபத்து

கடிதத்தில் நீங்கள் ரொம்பச் சாதாரணமாக எழுதியிருக்கும் விஷயம் இந்தக் கார்டு. என்னைக் கவலைப்படுத்துவதும் அதுதான்.

கிடைத்த பொருள் கிடைத்தவருக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்தவர் அந்தப் பொருளைப் பிறர் ஒப்படைத்ததுபோல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் யார் என்று தெரிந்தும் தனக்கென்று எடுத்துக்கொண்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு வருகிறது. தண்டனை குறைந்தது 6 மாதம், 2 ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. உங்கள் விஷயத்தில் உரிமையாளரைத் தேடவே வேண்டாம், மேனேஜரின் எண் மச்சான் போனிலேயே இருக்கிறது. கார்டில் இருந்ததை நகலெடுத்தது தனிக் கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு, கழற்றி மாட்டும் சேமிப்புக் கருவியில் உள்ள தரவை அனுமதியில்லாமல் நகலெடுப்பதையும் சொல்கிறது. அதைத் தீய நோக்கத்தோடு செய்ததாகக் காட்டினால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. கார்டில் உள்ள படங்களின் பதிப்புரிமையும் அவர்களுடையது. உங்கள் கல்யாண ஆல்பத்தை வேறொரு ஸ்டுடியோ தன் பெயரில் போட்டால் நீங்கள் எப்படிக் கொதிப்பீர்களோ, அதே உரிமை அவர்களுக்கும் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2010-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கூடத்தில், வெளிவராத ஐபோன் 4 மாதிரி ஒன்றை ஆப்பிள் பொறியாளர் ஒருவர் விட்டுவிட்டுப் போனார். அது கிஸ்மோடோ என்ற தளத்துக்கு 5,000 டாலருக்குக் கைமாறியது. உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. வழக்கு யார் மீது வந்தது தெரியுமா? விற்பதில் சம்பந்தப்பட்ட இருவர் மீது. 2011-இல் அவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் விதிக்கப்பட்டன, ஆப்பிளுக்கு இழப்பீடும் கட்ட வேண்டியிருந்தது. வாங்கி வெளியிட்ட தளத்தின் மீது குற்றச்சாட்டே இல்லை. சட்டம் வேறு நாட்டுடையது. ஆனாலும் உங்களிடம் 40,000 பேசுகிறவர் இதையெல்லாம் தெரிந்துதான் பேசுகிறார்.

பெயர் வெளியில் வராமல் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். நீங்கள் போட்டோகிராஃபர், படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் எக்ஸிஃப் விவரங்களைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பல கேமராக்கள் ஒவ்வொரு கோப்பிலும் பாடியின் வரிசை எண்ணைப் பதிக்கின்றன. சோதனைக்கு அனுப்பும் மாதிரிகள் கையில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும், எந்த எண் எந்த ஊருக்குப் போனது என்று கம்பெனியிடம் பதிவு இருக்கும். எக்ஸிஃபைத் துடைத்துவிட்டாலும் படத்தில் இருக்கும் கடலும் வல்லமும் கோதண்டராமர் கோயிலும் போதாதா? ஐந்து நாள் வண்டி ஓட்டியவர் ஒருவர்தான். ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வண்டிக்காரருக்கு ஹோட்டல்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான் முதல். அது போய்விட்டால் 40,000 எத்தனை மாத டியூவுக்கு வரும் என்று அக்காவிடம் கேளுங்கள்.

கம்பெனியிடம் பணம் கேட்பது

வேண்டவே வேண்டாம். "இவ்வளவு கொடுங்கள், இல்லையென்றால் வெளியிடுவேன்" என்பதை நீங்கள் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும், மிரட்டிப் பணம் பறித்தல் என்று பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவில் புகார் கொடுக்க அவர்களுக்கு அது போதும். தண்டனை 7 ஆண்டு வரை. இன்று புகார் கொடுக்க வேண்டியவர் மேனேஜரின் மிரட்டலைக் கேட்ட மச்சான். பணம் கேட்டு நீங்கள் அனுப்பும் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியால் நிலைமை தலைகீழாகிவிடும்.

அந்தக் கேமரா என்னதான்?

சட்டம் கேட்டு எழுதியவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், ஆசை புரிகிறது. பிடிமானம் பெரிதாக இருக்கிறது, பின்பக்கத்தில் காற்றுத் துவாரம்போல் கோடுகள், கார்டு கதவு அகலம், ஆகவே அதிக மெகாபிக்சல், 8கே வீடியோ என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். டேப் ஒட்டிய பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்து அளவும் பொத்தான் இடமும் சொல்லலாம். உள்ளே இருக்கும் சென்சாரை யாராலும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் கேனான் ஈஓஎஸ் ஆர்3 என்ற கேமராவை உருவாக்கி வருவதாக அறிவித்தபோது எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதை வைத்து எடுத்த படங்களின் எக்ஸிஃபில் 6000-க்கு 4000 என்று தெரிந்த பிறகுதான் ஊகம் அடங்கியது. செப்டம்பரில் அறிவித்தபோது 24.1 மெகாபிக்சல். உங்களிடம் கார்டு கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்பது இதில் விளங்கும்.

ஐஸ் பெட்டி விஷயத்தையும் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். "இந்தக் கம்பெனியின் புதுக் கேமரா வெயில் தாங்காது" என்று தலைப்பே வைத்துவிட்டீர்கள். அது இரண்டு வகையில் தப்பு. சோதனைக்கு வந்திருப்பது பாதி முடிந்த மாதிரி. உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் முடிந்திருக்காது. எங்கே சூடாகிறது என்று பார்ப்பதற்குத்தானே இங்கே வந்தார்கள்? விற்பனைக்கு வரும் கேமரா வேறு மாதிரி நடந்துகொள்ளலாம், அப்போது நீங்கள் எழுதியது பொய்யாகி, தொழிலுக்குக் கெடுதல் செய்ததாக நோட்டீஸ் வரும். இரண்டாவது, ஐஸ் வாங்கிக் கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. மச்சானின் பெயரை எழுதாமலேயே எழுதியதாகிவிடும்.

இப்போது என்ன செய்வது

கார்டை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், இந்த வாரத்திலேயே. மச்சான் மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பட்டும்: வண்டி கழுவும்போது கார்டு கிடைத்தது, இந்தத் தேதியில், யாரிடம் கொடுக்க வேண்டும். பதில் வந்ததும் நேரில் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள், தூரமென்றால் பதிவுத் தபால். அவர்கள் பதிலே சொல்லாவிட்டால் பக்கத்துக் காவல் நிலையத்தில் கண்டெடுத்த பொருளாக ஒப்படைத்து, அதைப் பதிந்துகொண்டதற்கு நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் நகலை இனித் திறக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், தடயத்தை அழித்ததாகப் பேச இடம் கொடுக்கக்கூடாது. நகல் இருப்பதைச் சொல்லி, அவர்கள் எழுத்தில் கேட்டபின் அழித்து, அழித்ததை உறுதிசெய்து எழுதுங்கள். நகலைப் பற்றிய இந்தக் கடிதத்தை மட்டும் ஒரு வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது. செலவுக்கு வழியில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். நாடு முழுக்க 15100 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் அதே செய்தியில் கேட்கட்டும். தராமல் 10 லட்சம் மட்டும் கேட்டால் அதுவும் நமக்கு உதவும். மேனேஜர் மறுபடி அழைத்தால் மச்சான் கோபப்பட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். "எழுத்துல அனுப்புங்க சார், பாத்துட்டுப் பதில் சொல்றேன்" என்றால் போதும். காவல் நிலையத்திலிருந்து அழைத்தால் எழுத்தில் நோட்டீஸ் கேட்கலாம். போனை வாங்கிக்கொள்வதாக இருந்தால் எதை வாங்கிக்கொண்டார்கள் என்று பதியும் கைப்பற்றல் மகஜர் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை எடுத்துவிட முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் மேலே எதுவும் சேர்க்காதீர்கள். அங்கே மச்சானைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்கிறீர்கள், நல்லது.

மீதி இருக்கும் உங்கள் சொந்தப் படங்கள்? தாளைப் பார்த்தபின், இடம் பற்றிய நிபந்தனை அதில் இல்லையென்றால், நீங்கள் விற்கலாம். தடை இல்லை. அப்போதும் முழு உரிமையையும் எழுதிக்கொடுக்காமல், இந்த இடத்தில், இத்தனை காலத்துக்கு வெளியிடலாம் என்று அனுமதி மட்டும் கொடுங்கள். உரிமையை மாற்றித் தரும் எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "ஏதேனும் வழக்கு வந்தால் படம் கொடுத்தவரே பொறுப்பு" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் 5,000 தருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், கேமரா கடைக்கு வரும்வரை காத்திருப்பேன். அறிவித்த அன்றைக்கே தோற்றத்தில் இருந்த ரகசியம் முடிந்துவிடும். தனுஷ்கோடியில் அதைச் சோதித்த காலைப் பொழுதின் படம் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கும், அதை உங்கள் பெயர் போட்டே வெளியிடலாம். விலை குறையும் என்பது உண்மைதான். முடிவு உங்களுடையது.

சித்தப்பா

இதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. கரைவலை இழுத்தவர்களுக்குத் தலைக்கு 500 ரூபாய் கொடுத்து, ஒரு டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கடற்கரையில் வேலை செய்கிறவரைப் படம் எடுப்பதற்குத் தடையில்லை. அதே முகத்தைக் கேமரா விளம்பரத்தில் போட்டு விற்பனை செய்வது வேறு. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நம் ஊரில் அறியப்படும் 1994-ஆம் ஆண்டு தீர்ப்பில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த டேப்லெட் கையெழுத்துதான் அவர்கள் காட்டப்போகும் சம்மதம். அதில் என்ன எழுதியிருந்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, அவர் கையில் நகலும் இல்லை.

மச்சானின் தாளைக் கேட்கும் கடிதத்திலேயே, கரைவலைக்காரர்களிடம் வாங்கிய சம்மதத்தின் நகலையும் தமிழில் கேட்டுவிடுங்கள். சித்தப்பா பெயரில் தனியாக ஒரு பத்தி போதும், கீழே அவர் கையெழுத்து. மற்ற ஆட்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்குத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதலாம். இது மிரட்டல் ஆகாது, தன் முகத்துக்கு விலை கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உங்களிடம் இருக்கும் படத்தையும் கார்டையும் அந்தப் பத்தியில் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடாதீர்கள்.